துண்டு விழும் பட்ஜெட்: வரியா, வெட்டா?

அமெரிக்காவில் வெர்மான்ட் தவிர ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் பட்ஜெட்டைச் சமன் செய்தே ஆக வேண்டும். துண்டு விழுந்தால் முக்கியமாக இரண்டு வழிதான்: வரியை உயர்த்துவது, செலவை வெட்டுவது.

யார் தலையில் விழும்?
உயர் வருமானத்தின் மீது கூடுதல் வரி: வசதியானவர்கள்.
செலவு வெட்டு: அரசுப் பள்ளியையும், மாநிலமும் மத்திய அரசும் சேர்ந்து ஏழைகளுக்குத் தரும் மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டையும் நம்பியவர்கள். மெடிக்கெய்டில் மாநிலம் ஒரு டாலர் குறைத்தால், மத்திய அரசு தரும் இன்னொரு டாலராவது சேர்ந்தே போகும். இது மிச்சமா என்ன?

நம்பலாமா?
வரி: பங்குச்சந்தை சரிந்தால் வசதியானவர்களின் வருமானமும், அதோடு வசூலும் சரியும்; கலிஃபோர்னியாவின் தீராத தலைவலி.
வெட்டு: கணக்கு உடனே நேராகும்.

2012இல் வருமான வரியைக் குறைத்த கன்சாஸ் மாநிலம், துண்டு விழுந்ததால் 2017இல் ஆளுநரின் வீட்டோவையும் (மறுப்பு அதிகாரம்) மீறி அதை உயர்த்தியது.

தற்காலிக மந்தம் என்றால் வரி, கூடவே மாநிலம் முன்பே சேர்த்து வைத்த சேமநிதி. ஆண்டுதோறும் செலவு வரவைத் தாண்டினால் வெட்டு. அப்போதும் மெடிக்கெய்டு கடைசியில்தான்.