ரிவர்லேண்ட் திராட்சைத் தோட்ட முதலீடு: சிங்கப்பூரில் நடந்த அறிமுகக் கூட்டம் பற்றி ஒரு மதிப்பீடு

ஆஸ்திரேலிய வீடுகளை விற்பதற்காகச் சிங்கப்பூர் ஹோட்டல்களில் வார இறுதிகளில் நடக்கும் கூட்டங்கள் நமக்குப் புதியவை அல்ல. நகர மையத்தில் அண்மையில் நான் சென்றுவந்த கூட்டத்தில் விற்கப்பட்டது வீடு அன்று, திராட்சைத் தோட்டம். தென் ஆஸ்திரேலியாவின் ரிவர்லேண்ட் வட்டாரத்தில் உள்ள ஒரு தோட்டத்தைச் சிறு பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஏறத்தாழ, சிங்கப்பூரில் கார் வாங்க எடுக்க வேண்டிய ஒரு வாகன உரிமைச் சான்றிதழின் விலைக்கு விற்கிறார்கள். சாகுபடியை அவர்களே கவனிப்பார்கள். முதல் சில ஆண்டுகளுக்கு வருமானத்துக்கு உறுதி உண்டு. ஆண்டுதோறும் வாங்கியவர் பெயர் பொறித்த ஒயின் ஒரு பெட்டி வீடு தேடி வரும். இதே அமைப்பிலான திட்டங்கள் வேறு பெயர்களிலும் வரக்கூடும் என்பதால், நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டுத் திட்டத்தை மட்டும் பார்ப்போம்.

வட்டாரத்தை அறிமுகப்படுத்திய முதல் பகுதி உண்மையிலேயே சிறப்பாக இருந்தது. அடிலெய்டுக்கு வடகிழக்கே, மரே ஆற்றின் இரு கரைகளிலும் ரென்மார்க், பெர்ரி, லாக்ஸ்டன், வைக்கரி என்று சிற்றூர்கள் பரவியிருக்கும் இந்த உள்நாட்டுப் பகுதியில் ஆண்டு மழை 250 மில்லிமீட்டர் அளவே பெய்கிறது. கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவதும் உண்டு. கலிஃபோர்னியாவில் பாசனக் குடியேற்றங்களை அமைத்துக் கைதேர்ந்த சாஃபி சகோதரர்கள் 1887இல் ரென்மார்க்கில் ஆற்று நீரை மேலேற்றி வயலுக்குப் பாய்ச்சத் தொடங்கியதும், இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு திரும்பிய படைவீரர்களுக்கு அரசாங்கம் இங்கே துண்டு நிலங்களை வழங்கியதும் சேர்ந்தே இன்றைய ரிவர்லேண்டை உருவாக்கின. இன்று அது ஆஸ்திரேலியாவிலேயே அளவில் மிகப் பெரிய ஒயின் வட்டாரம். தென் ஆஸ்திரேலிய மாநிலத்தின் ஒயின் திராட்சையில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது. வறண்ட காற்றில் பூஞ்சை நோய் குறைவு. வெயில் மிகுதியால் ஓர் ஹெக்டரில் 20 டன்னுக்கு மேலும் விளையும். இவை அனைத்தையும் விற்பனைக் குழுவினர் மிகைப்படுத்தாமல் சொன்னார்கள்.

சிக்கல் விலைப் பகுதியில் தொடங்கியது. கையேட்டில் இருந்த படங்களில் பலவும், அதே மாநிலத்தின் பெயர்பெற்ற ஒயின் வட்டாரமான பரோசா பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. பரோசாவின் ஷிராஸ் என்ற சிவப்புத் திராட்சை டன்னுக்கு 2,000 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டி விற்கும்; ரிவர்லேண்டின் கதை வேறு. அங்கே விளைவது பெரும்பாலும், போத்தலில் அடைக்காமல் மொத்தமாக விற்கும் ஒயினுக்கும் மலிவு விலைப் போத்தலுக்கும் போகும் திராட்சை. 2020ஆம் ஆண்டளவில் 600 டாலருக்கு மேல் விற்ற சிவப்புத் திராட்சை, அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் 300 டாலர் அளவுக்கும், சில கொள்முதல்களில் அதற்கு வெகு கீழேயும் சரிந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1.2 பில்லியன் டாலருக்கு ஆஸ்திரேலிய ஒயின் வாங்கிக்கொண்டிருந்த சீனா, 2021 மார்ச்சில் 218 விழுக்காடு வரையிலான தீர்வையை விதித்ததும் அந்தச் சந்தை ஏறக்குறைய மூடிக்கொண்டது. 2024 மார்ச்சில் தீர்வை நீக்கப்பட்டது என்பதைக் கூட்டத்தில் பெரிய எழுத்தில் காட்டினார்கள். உலகெங்கும் சிவப்பு ஒயின் அருந்துவது குறைந்து வருகிறது என்பதையோ, விலை கட்டுப்படியாகாமல் ரிவர்லேண்ட் விவசாயிகள் பலர் கொடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள் என்பதையோ எந்தப் பக்கத்திலும் காணவில்லை.

“இந்த ஒயின் சிங்கப்பூர் பேரங்காடியில் 25 வெள்ளிக்குப் போகிறது” (வெள்ளி என்பது சிங்கப்பூர் டாலர்) என்ற வாதம் அரங்கில் பலரையும் தலையாட்ட வைத்தது. கணக்கு போட்டுப் பார்த்தால் அது நிற்காது. ஒரு டன் திராட்சையில் 700 லிட்டர், அதாவது 900க்கும் சற்று அதிகமான போத்தல்கள் கிடைக்கும் என்று கொண்டால், 300 டாலர் விலையில் ஒரு போத்தலுக்குள் இருக்கும் திராட்சைக்குத் தோட்டக்காரர் பெறுவது முப்பது காசு சொச்சம். அதே போத்தலுக்குச் சிங்கப்பூரில் மட்டும் ஏறத்தாழ 9 வெள்ளி தீர்வை கட்ட வேண்டும், ஏனெனில் ஒயினில் கலந்துள்ள மதுசாரத்துக்கு மட்டும் லிட்டருக்கு 88 வெள்ளி என்ற கணக்கில் அது விதிக்கப்படுகிறது. அதற்கு மேல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. நாம் கடையில் கொடுக்கும் விலைக்கும் தோட்டப் பங்குதாரரின் வருமானத்துக்கும் தொடர்பு மிகவும் மெலிது.

கேள்வி நேரத்தில் தமிழ் பேசும் விற்பனை அதிகாரியிடம், எனக்கு முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், “தம்பி, நிலம் சரி. தண்ணி யார் பேர்ல இருக்கு?” என்று கேட்டார். காவிரிக் கரைக்காரராக இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன். “ஐயா, அதையெல்லாம் நிர்வாக நிறுவனம் பார்த்துக்கொள்ளும்” என்பதே அவருக்குக் கிடைத்த பதில். அன்று மாலை எழுந்த கேள்விகளிலேயே முக்கியமானது அதுதான். கிடைத்த பதில்களில் மிகவும் பலவீனமானதும் அதுதான்.

ஆஸ்திரேலியாவின் மரே பகுதியில் நிலமும் நீரும் தனித்தனிச் சொத்துகள். நீருரிமையை நிலத்திலிருந்து பிரித்து விற்கலாம், குத்தகைக்கு விடலாம், சந்தையில் வாங்கலாம். ரிவர்லேண்டில் ஓர் ஹெக்டர் கொடிக்கு ஆண்டுக்கு ஆறேழு மெகாலிட்டர், அதாவது அறுபது எழுபது லட்சம் லிட்டர், பாய்ச்ச வேண்டும். அதற்கான நிரந்தர உரிமையின் விலை மெகாலிட்டருக்குப் பல ஆயிரம் டாலர் என்பதால், சேர்த்து வாங்கினால் பல நேரங்களில் நிலத்தைவிட நீரே அதிகத் தொகையைக் கேட்கும். எங்களிடம் காட்டப்பட்ட ஒப்பந்த மாதிரியில் பங்குதாரருக்கு நீருரிமை இல்லை. ஆண்டுதோறும், அந்தப் பருவத்துக்கான நீரை மட்டும் விற்கும் தற்காலிகச் சந்தையில் நீர் வாங்கப்படும், செலவு வருமானத்தில் கழிக்கப்படும் என்று ஓர் உட்பிரிவு மட்டும் இருந்தது. 2019 இறுதியில் வறட்சி முற்றியபோது தற்காலிக நீர் மெகாலிட்டருக்கு 900 டாலருக்கு மேல் போனது. இன்றைய திராட்சை விலையும் அன்றைய நீர் விலையும் ஒரே ஆண்டில் சேர்ந்து வந்தால், 20 டன் விளைச்சலின் வருமானம் ஏறக்குறைய முழுவதும் தண்ணீருக்கே போய்விடும். உரிமை கையில் இருந்தாலும் முழு நீர் கிடைக்கும் என்பதில்லை: நெடு வறட்சியின் உச்சத்தில், 2008-09 பருவத்தில், தென் ஆஸ்திரேலியப் பாசனக்காரர்களுக்கு உரிமையில் 18 விழுக்காடே ஒதுக்கப்பட்டது.

இந்த இடத்தில் சிங்கப்பூர்க்காரர்கள் நினைவில் கொள்ள வேண்டிய ஒரு வரலாறு இருக்கிறது. டிம்பர்கார்ப் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் ஏறத்தாழ நான் கண்ட அதே வடிவத்தில், தோட்டங்களைப் பங்கு போட்டுப் பொதுமக்களிடம் விற்றது. 2009இல் அது திவாலானபோது 18,000க்கும் மேற்பட்ட சிறு முதலீட்டாளர்கள் சிக்கிக்கொண்டார்கள், அவர்களில் பலர் கடன் வாங்கிப் போட்டவர்கள். அதன் வாதுமைத் தோட்டங்களை 128 மில்லியன் ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கியது சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வேளாண் வணிக நிறுவனமான ஓலம். பத்தாண்டுகள் கழித்து, 2019 டிசம்பரில், அந்நிறுவனம் தோட்டத்தைத் தொடர்ந்து நடத்திக்கொண்டே, தன்னிடமிருந்த 89,085 மெகாலிட்டர் நீருரிமையை மட்டும் 490 மில்லியன் டாலருக்கு விற்றது. மரே கரையில் மதிப்பு எங்கே இருக்கிறது, அது யார் கையில் தங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கையேடும் காட்டாது.

நாணய மாற்று பற்றிக் கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. 2012இல் ஓர் ஆஸ்திரேலிய டாலர் ஏறத்தாழ 1.30 சிங்கப்பூர் வெள்ளி. 2025இல் அது 85 காசு அளவில் இருந்தது. தோட்டம் ஒரு காசும் இழக்காவிட்டாலும், 2012இல் போட்டவரின் முதலீட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதற்குள் கரைந்துவிட்டது. வெளியேறும்போதும் ஒரு வேலி உண்டு: 2025 ஜனவரி முதல், வெளிநாட்டில் வசிப்பவர் ஆஸ்திரேலிய நிலத்தை விற்றால், விற்பனைத் தொகையில் 15 விழுக்காட்டை வாங்குபவர் பிடித்து அங்குள்ள வரி அலுவலகத்தில் கட்ட வேண்டும். பின்னர் கணக்கு காட்டித் திரும்பப் பெறலாம் என்றாலும், அது வரை பணம் கையில் இராது. பங்கை யாரிடம் விற்பது என்று கேட்டதற்கு, “எங்கள் இதர முதலீட்டாளர்களிடம்” என்றார்கள். அப்படி ஒரு சந்தை இதுவரை நடந்ததற்கான ஆவணம் காட்டப்படவில்லை.

சேவையைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. ஊழியர்கள் மரியாதையாகப் பேசினார்கள், தமிழிலும் விளக்கினார்கள், சைவ உணவு தனியாக இருந்தது, பரிமாறிய ஒயின் நன்றாகவே இருந்ததாம். அன்றே முன்பணம் கட்டினால் விலைக் கழிவு என்று கடைசி அரை மணி நேரத்தில் கொடுத்த நெருக்கடி மட்டும் முகம் சுளிக்க வைத்தது. நூறாண்டுக்கும் மேலாகப் பாசனத்தில் இருக்கும் நிலம் திங்கட்கிழமைக்குள் எங்கும் போய்விடாது.

ரிவர்லேண்ட் பொருளாதாரத்தை அறிந்துகொள்ள ஒரு மாலையைச் செலவிட விரும்புபவர்களுக்கு ஐந்தில் மூன்று நட்சத்திரம் தருவேன். முதலீடாக ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. எப்படியும் சேரத்தான் போகிறேன் என்பவர்கள், பங்கோடு எத்தனை மெகாலிட்டர் நிரந்தர நீருரிமை தங்கள் பெயரில் பதிவாகும், கொள்முதல் செய்யும் ஒயின் ஆலையுடனான ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது, உறுதியளித்த வருமானம் விளைச்சலிலிருந்து வருகிறதா அல்லது நாம் கட்டும் பணத்திலிருந்தே திரும்பி வருகிறதா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். அத்துடன், திட்டம் ஆஸ்திரேலியாவில் முறைப்படி பதிவாகியுள்ளதா என்றும், நிறுவனத்தின் பெயர் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது. நான் மின்னஞ்சலில் அனுப்பிய இந்த மூன்று கேள்விகளுக்கும் பதிலாக, அடுத்த கூட்டத்துக்கான அழைப்பிதழ்தான் வந்திருக்கிறது.