உப்புக்காத்தில் ஹோம் ஜிம் மெஷினும் பார்பெல்லும்: ஐந்து வருஷ அனுபவம்

எங்கள் வீடு குளச்சல் பக்கம். மாடியில் நின்றால் கடல் தெரியும், ஜன்னல் கம்பியைத் தொட்டால் கை பிசுபிசுக்கும். 2020 ஊரடங்கில் ஜிம் எல்லாம் பூட்டிக் கிடந்தபோது மாடி ஷெட்டில் ஒரு ஹோம் ஜிம் மெஷின் வாங்கிப் போட்டேன். 150 பவுண்டு, அதாவது 68 கிலோ ஸ்டாக் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எடைத் தட்டுகள்), விலை 34,000 ரூபாய். இரண்டு வருஷம் அதில்தான் செய்தேன், 2022-இலிருந்து பார்பெல்லும் (இரண்டு பக்கமும் எடைத் தட்டு மாட்டும் நீளக் கம்பி) தம்பெல்லும்.

முதல் வருஷம் மெஷின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. பின்னை மாற்றிக் குத்தினால் எடை மாறிவிடும், தனியாகச் செய்யும்போது பாரம் நெஞ்சில் விழுந்துவிடுமோ என்ற பயம் கிடையாது, எங்கள் அம்மாகூட முதல் தட்டில் பின்னைப் போட்டு உட்கார்ந்தபடியே தினமும் இருபது தடவை இழுப்பார்கள். தலைக்கு மேலே இருக்கும் பாரைக் கீழே இழுக்கும் லாட் புல்டவுனுக்கு ஈடாக வீட்டில் வேறொன்றும் இல்லை, அதை இன்றைக்கும் சொல்வேன்.

அடுத்த ஆனி ஆடிச் சாரலில்தான் தொல்லை ஆரம்பித்தது. தட்டுகள் ஏறி இறங்கும் அந்த இரண்டு குரோம் கம்பிகளில் முதலில் மிளகு தூவியதுபோலப் புள்ளிகள், அப்புறம் புள்ளிகள் சொரசொரப்பாகி, ஸ்டாக் பாதியில் சிக்கி நின்று திடீரென்று தடக்கென்று இறங்கும். கேபிள் இன்னும் மோசம். கப்பியில் வளையும் இடத்தில் மேல் பிளாஸ்டிக் வெடித்திருந்தது, விரலால் விலக்கிப் பார்த்தால் உள்ளே இழைகள் செம்மண் நிறத்தில், இரண்டு அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டு நின்றன. அது அறுந்தால் பார் நேரே தலையில் வரும். விற்ற கடையில் கேட்டால் கேபிளுக்கு வாரண்டி இல்லை என்று முடித்துவிட்டார்கள். கடைசியில் நாகர்கோவிலில் வயர் ரோப் விற்கும் கடையில் அளவு கொடுத்து நானே செய்து வாங்கினேன்.

எடைக் கணக்கும் எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு தட்டு கூட்டினால் நாலரை கிலோ ஏறும், தோளுக்குச் செய்யும்போது அது பெரிய தாவல். கப்பி உராய்வு வேறு, ஸ்டாக்கில் 50 என்றால் கைக்கு வருவது எவ்வளவு என்று தெரியாது. பார்பெல்லில் இந்தச் சந்தேகமே இல்லை, பக்கத்துக்கு ஒன்றேகால் கிலோ தட்டு போட்டால் மொத்தம் இரண்டரை கிலோ கூடும், அவ்வளவுதான்.

மெஷினை குலசேகரத்தில் அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிட்டு 20 கிலோ பார், 80 கிலோ தட்டு, ஒரு பெஞ்ச், பாரைத் தாங்கி வைக்கும் ஸ்குவாட் ஸ்டாண்ட் வாங்கினேன், எல்லாம் சேர்த்து 29,000. தரைக்கு ஜிம் மேட் வாங்கவில்லை, மாட்டுத் தொழுவத்தில் போடும் தடித்த ரப்பர் மேட்தான், பாரைத் தரையிலிருந்து தூக்கி வைக்கும் டெட்லிஃப்ட்டுக்குத் தாராளமாகத் தாங்குகிறது. பாரும் துருப்பிடிக்கும், ஆனால் அது நம் கைக்கு எட்டும் துரு. வாரம் ஒரு நாள் நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத் துணியால் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசினாகித் தூசியைப் பிடிக்கும்.

ஆனால் பார்பெல் மன்னிக்காது. மூன்றாம் மாதம் அவசரப்பட்டு முதுகை வளைத்து டெட்லிஃப்ட் எடுத்து, இடுப்பு பிடித்து பத்து நாள் குனிய முடியாமல் கிடந்தேன். ஆகையால் புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஒரு மாதமாவது தெரிந்த ஒருவரிடம் முறையைக் கற்றுக்கொண்டு தொடங்குங்கள். தனியாக பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்து பாரை மேலே தள்ளுவது) செய்வதென்றால் பக்கத்தில் தாங்கு கம்பி உள்ள ஸ்டாண்ட்தான் வாங்க வேண்டும், அதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

கடலிலிருந்து தள்ளி இருப்பவர்களுக்கு, வீட்டில் வயசானவர்களும் செய்வார்கள் என்றால், மெஷினை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதே மெஷின் குலசேகரத்தில் கம்பியைத் தேய்த்துத் துடைத்த பிறகு இத்தனை வருஷமாக ஒழுங்காக ஓடுகிறது, அத்தான் தினமும் ரப்பர் வெட்டிவிட்டு வந்து அதில்தான் செய்கிறார். அம்மாவுக்கு நான் இங்கே ஜன்னல் கம்பியில் ரெசிஸ்டன்ஸ் பேண்ட் கட்டிக் கொடுத்திருக்கிறேன். "இது ரப்பர் பாலை இழுக்கது மாதிரி இருக்கு மக்களே" என்பார்கள். அக்கா வீட்டுக்குப் போனால் காப்பி குடிக்குமுன் மெஷினில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.