குறைப்பதா, அடியோடு நிறுத்துவதா?

பல ஆண்டுகள் மிகுதியாக மது குடித்த ஒருவரின் ரத்தத்தைச் சோதனைக் குழாயில் எடுத்து வைத்தால், சில நேரம் மேலே தெளியும் நீர் பால்போல் வெளுத்திருக்கும். டிரைகிளிசரைடு கொழுப்பு அது. மதுவை எரிக்கும் வேலையில் மூழ்கிய கல்லீரல், கொழுப்பை எரிக்காமல் ரத்தத்தில் தள்ளிவிடுகிறது. டெசிலிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் கணைய அழற்சிக்கும் அஞ்ச வேண்டும்.

குடியைக் குறைத்தாலே இந்த அளவு இறங்கும், ரத்த அழுத்தமும் தணியும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "கொஞ்சம் குடித்தால் நல்ல கொழுப்பு கூடுமே" என்பதை ஏற்க மாட்டேன். ஹெச்டிஎல் எனப்படும் அந்த நல்ல கொழுப்பு கூடுவது உண்மைதான். அப்படிக் கூடுவது இதயத்தைக் காக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

குடியால் இதயத் தசை தளர்ந்து, இடது கீழறை பலூன்போல் விரிந்துவிட்டவருக்கு நிறுத்துவதே வழி. அடியோடு விட்ட பலருக்குச் சில மாதங்களில் இதயம் ரத்தத்தை உந்தும் திறன் தேறியிருக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் தாறுமாறான துடிப்பு திரும்ப வருவதும் குறைகிறது.

நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் வீட்டிலிருந்தபடி தாமாகவே சட்டென்று நிறுத்தக் கூடாது. வலிப்பும் கடும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் சில நாட்கள் மருத்துவரின் கண்காணிப்பு கட்டாயம் வேண்டும்.