தமிழ் ரைப்பிங் மேசைக்கு எது தோது: ஸ்னப்பா, ஃபான்சிசோன்ஸா, கிளேஸ்டபிள்யூஎம்மா?

கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று எந்தக் கொமினிகேசன் கடையை எடுத்தாலும் ரைப்பிங் வேலை ஒரே மாதிரித்தான் ஓடும். இடப்பக்கம் ஸ்கான் பண்ணிய கையெழுத்துப் பிரதி, வலப்பக்கம் வேர்ட், நடுவில் வந்து வந்து போகும் வட்ஸ்அப். ஸ்கிரீன் அநேகமாக 1366×768. இந்த விண்டோக்களை ஸ்கிரீனில் பக்கம் பக்கமாக அடுக்கித் தரும் கருவிகள்தான் தலைப்பில் உள்ள மூன்றும். இந்த வேலைக்கு நான் ஃபான்சிசோன்ஸ் பக்கம்.

விண்டோஸோடு வருகிற ஸ்னப் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வின் விசையும் இடது, வலது அம்பும். நிறுவ ஒன்றுமில்லை. ஆனால் அது முதலில் தருவது பாதிக்குப் பாதி. 1366இல் பாதி 683 புள்ளி (பிக்சல்). வேர்ட்டில் ஏ4 தாள் 100 வீதத்தில் 794 புள்ளி அகலம். தாளின் ஓரம் வெட்டுப்படும், அல்லது எழுத்தைச் சுருக்கிக் கண்ணைக் கெடுக்க வேண்டும். நடுக்கோட்டை இழுத்துச் சரிசெய்யலாம்தான், ஒவ்வொரு முறையும் இழுக்கப் பொறுமை இருந்தால். விண்டோஸ் 11இல் வின்+இசெட் அழுத்தினால் வரும் ஆயத்த அமைப்புகள் கொஞ்சம் மேல். அவற்றிலும் மூன்று நிரல் (நெடுவரிசை) அமைப்பு 1920 புள்ளிக்குக் குறைந்த அகலத்தில் தலைகாட்டாது. போதாததற்கு, எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் மெஷின்களுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. பழைய மேசைக் கொம்பியூட்டர்கள் விண்டோஸ் 10இலேயே நிற்கின்றன.

ஃபான்சிசோன்ஸ், மைக்ரோசொஃப்டின் பவர்டொய்ஸ் என்ற இலவசப் பொதிக்குள் ஒன்று. விண்டோஸ் 10இன் 2004 என்ற எண்ணுள்ள பதிப்பிலிருந்து ஓடும். வின்+ஷிப்ட்டுடன் 1க்கு இடப்பக்கம் உள்ள விசையை அழுத்தினால் எடிட்டர் திறக்கும். அதில் இரண்டு நிரல் கொண்ட ஒரு கிரிட் அமைத்து, இடப்பக்கம் 38, வலப்பக்கம் 62 வீதமாகக் கோட்டை நகர்த்துங்கள். 62 வீதம் என்றால் 847 புள்ளி. தாளும் ஸ்குரோல் பட்டையும் அதற்குள் அடங்கும். மறக்கக்கூடாத ஒன்று: கட்டங்களுக்கிடையே இயல்பாக விடப்படும் 16 புள்ளி இடைவெளியை 0 ஆக்க வேண்டும். சின்ன ஸ்கிரீனில் அந்த இடைவெளியே கிடைத்த லாபத்தைத் தின்றுவிடும். பிறகு ஷிப்டை அழுத்தியபடி விண்டோவை இழுத்துக் கட்டத்தில் விட்டால் சரி. ஒரு கை தாளைப் பிடித்திருக்கும் என்றால், ஷிப்டுக்குப் பதில் வலது கிளிக்கைப் பாவிக்கவும் செற்றிங்கில் இடமுண்டு.

கடையில் நாலு மெஷின் இருந்தால் நாலு தரம் கோடு நகர்த்தத் தேவையில்லை. அமைப்பு கஸ்டம்-லேஅவுட்ஸ் என்ற ஜேசன் கோப்பில் கிடக்கும். நிரல் அகலங்கள் 3800, 6200 என்று 10000க்குக் கணக்காகப் பதிந்திருக்கும். பவர்டொய்ஸை மூடிவிட்டு அந்தக் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோய் மற்ற மெஷினின் அதே போல்டரில் போட்டு, அங்கே எடிட்டரில் அந்த அமைப்பைத் தெரிவு செய்தால் போதும்.

இனி என் தேர்வைத் தீர்மானித்த விஷயம்: கருவியின் குறுக்குவிசைகள் தமிழ்க் கீபோட்டோடு மோதுமா, மோதாதா?

கிளேஸ்டபிள்யூஎம் விண்டோவைத் திறந்ததும் தானே அடுக்கிவிடும் வகை. பார்க்க வடிவு. ஆனால் அதன் இயல்பான விசைகள் எல்லாம் ஓல்ட்டில் குந்தியிருக்கின்றன. ஓல்ட்+1, ஓல்ட்+2 என்பவை அதற்கு வேலைத்தளம் (தனித்தனி விண்டோத் தொகுதி) மாற்றும் விசைகள். தமிழ் ரைப் பண்ணும் மென்பொருளான என்எச்எம் ரைட்டர் பாவிப்பவருக்கோ தமிழுக்கு மாறும் விசைகள். தமிழுக்கு மாறப் போனவருக்கு முன்னால் வெறும் ஸ்கிரீன் வந்து நிற்கும். ஓல்ட்+ஷிப்டோடு அம்பு விசை சேர்த்தால் விண்டோ நகரும். விண்டோஸிலோ இடது ஓல்ட்+ஷிப்ட் மட்டும் தட்டினால் மொழி மாறும். வேர்ட்டில் கோப்பு மெனுவைத் திறக்கும் ஓல்ட்+எஃப், இங்கே விண்டோவை முழுத்திரையாக்கும். அதன் செற்றிங் உள்ள யாமல் கோப்பில் எல்லாவற்றையும் மாற்றி எழுதலாம். ஆனால் கடையில் ஆள் மாறும்போது புதியவருக்கு அதைப் படிப்பிப்பது யார்? ஆங்கிலக் கீபோட்டிலேயே தமிழ் ரைப் பண்ணும் பாமினி எழுத்துருவில் முழு வேலையும் செய்பவருக்கு மொழி மாற்றம் இல்லை. அவருக்கு இந்த மோதலில் பாதி குறையும். கிளேஸ்டபிள்யூஎம்மை மாதக்கணக்கில் கடை வேலைக்கு ஓட்டிப் பார்த்து எழுதவில்லை என்பதால், அதன் உறுதி பற்றி இதற்குமேல் சொல்ல மாட்டேன். கொமொரெபியும் இதே வகைதான். அதன் இலவச உரிமம் வியாபாரப் பாவனைக்கு இல்லை, ஆகவே கடைக்கு விட்டுவிடலாம்.

ஃபான்சிசோன்ஸ் பெரும்பாலும் மவுஸ் வழி வேலை செய்வதால் இந்த ஓல்ட் விசைகளைத் தொடாது. இதோடு விண்டோஸின் மேம்பட்ட கீபோட் செற்றிங்கில், ஒவ்வொரு விண்டோவுக்கும் வெவ்வேறு உள்ளீட்டு மொழியை அனுமதிக்கும் பெட்டியில் சரி போடுங்கள். வேர்ட் தமிழிலும் பிரவுசர் ஆங்கிலத்திலும் அப்படியே நிற்கும்.

ஃபான்சிசோன்ஸிலும் கரைச்சல் உண்டு. நிர்வாகி உரிமையோடு ஓடும் விண்டோவை அது அசைக்காது. பழைய கணக்கு மென்பொருள்கள் பல அப்படித்தான் ஓடும். பவர்டொய்ஸையும் நிர்வாகியாக ஓடவிட்டால் தீரும். நிறுவும் கோப்பு 200 எம்பிக்கு மேல், அடிக்கடி புதுப்பிப்பும் வரும். போன் டேற்றாவில் ஓடும் கடையென்றால் அந்த வைஃபையை மீற்றர் உள்ள இணைப்பாகக் குறித்துவிடுங்கள், தானாக இறக்காது. 4 ஜிபி ரம் உள்ள மெஷினில் பொதியின் மற்றக் கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்துவதும் அவசியம்.

கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ, விண்டோவைத் தானே அடுக்கும் ஐ3யை லினக்ஸில் பாவிக்கிற மாணவருக்குக் கணக்கு வேறு. கோட் எழுத அது எனக்கும் பிடித்ததுதான். அங்கேயும் தமிழ் மாற்றும்போது ஒரு முட்டு வரும்: லினக்ஸின் உள்ளீட்டுக் கருவியான ஐபஸ் மொழி மாற்றுவது வின்+ஸ்பேஸில், ஐ3யை வின் விசையில் அமைத்தால் அதே விசை மிதக்கும் விண்டோவுக்கும் அடுக்கிய விண்டோவுக்கும் இடையே தாவும். ஐபஸ் அமைப்பில் கொன்ட்ரோல்+ஸ்பேஸ் என்று மாற்றிவிட்டு ஐ3யைத் தொடாமல் விடுங்கள்.