கறுப்புக் கண்ணாடியா, ஆட்டோ டார்க்கா? ஆர்க் போடும் முன் சோதனை

கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் படகு வெல்டிங்கில் முகம் காக்க இரண்டுமே புழங்குகின்றன: எப்போதும் கறுப்பாக இருக்கும் கண்ணாடி போட்ட சாதா ஷீல்டு, ஆர்க் (வெல்டிங்கின் மின்பொறி வெளிச்சம்) எழுந்ததும் தானே கறுக்கும் ஆட்டோ டார்க் ஹெல்மெட்.

சாதா ஷீல்டில் பார்க்க வேண்டியது கண்ணாடியும் அது உட்காரும் பிரேமும்தான். 11-ஆம் ஷேடு (கறுப்பின் அடர்த்தி எண்) கண்ணாடியை எரியும் ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடியுங்கள். மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசலோ, பிரேம் ஓரத்தில் வெளிச்சக் கசிவோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஆட்டோ டார்க்குக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஆர்க் வெளிச்சத்தை உணரும் சென்சார் மேல் தெறிப்பும் புகைக்கரியும் உப்புப் படிவும் சேர்ந்தால் ஆர்க் எழுந்தும் கறுக்காமல் போகலாம். முதலில் மெல்லிய ஈரத்துணியால் துடையுங்கள். டெஸ்ட் பட்டன் இருந்தால் அழுத்துங்கள். இல்லையென்றால் சென்சிட்டிவிட்டியை முழுதாக ஏற்றி, முகத்தில் மாட்டாமல் கையில் பிடித்தபடி வெயிலுக்குக் காட்டுங்கள். பெரும்பாலானவை சட்டென்று கறுக்கும். எல்ஈடி பல்பில் மட்டும் பார்த்து "கெட்டுப்போச்சு" என்று முடிவுகட்டாதீர்கள்; அதில் அகச்சிவப்பு ஒளி மிகக் குறைவு, பல மாடல்கள் அசையவே அசையாது. திட்டுத்திட்டாகக் கறுத்தாலோ, கறுத்து வெளுத்து மினுக்கினாலோ பேட்டரியை மாற்றுங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் அந்த ஹெல்மெட் வேண்டாம்.

வரிசையாக டேக் (இடம் பிடிக்க வைக்கும் சின்ன வெல்டு) அடிக்க ஆட்டோ டார்க்கே வசதி. படகின் அடியில், குழாயோ பிராக்கெட்டோ சென்சாரை மறைக்கும் மூலையில், எங்கள் ஓட்டு சாதா கண்ணாடிக்குத்தான்: பட்டறையில் தேறிய ஆட்டோ டார்க்கும் அங்கே கறுக்காமல் போகலாம்.