முதல் மூன்று சக்கர ஏடிசி: ஹோண்டா 200எஸ் போதும்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் சவுக்குத் தோப்பு மணலிலோ செம்மண் மேட்டிலோ ஓட்டிப் பழக முதல் வண்டி தேடுபவருக்கு எங்கள் தேர்வு, 1980-களில் வந்த ஹோண்டா ஏடிசி 200எஸ். ஏடிசி என்பது சாலை இல்லாத நிலத்தில் ஓட்டும் மூன்று சக்கர வண்டி. 192 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், ஏர் கூலிங். ஐந்து கியர் இருந்தும் கிளட்ச் லீவர் கிடையாது. அதனால் புதியவர் தன் கவனம் முழுவதையும் உடல் எடையை மாற்றுவதில் வைக்கலாம். ஹோண்டாவின் இன்னொரு ஏடிசியான 250ஆர் டூ ஸ்ட்ரோக், திடீரென இழுக்கும். முதல் வண்டியாக வேண்டவே வேண்டாம்.

பின் ஆக்சில் ஒரே தண்டு, இரு பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் இல்லை. அதனால் ஹேண்டிலை மட்டும் திருப்பினால் வண்டி நேராகவே போகும். உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்து, வெளிப்பக்க ஃபுட்பெக்கை (கால் வைக்கும் கட்டையை) அழுத்தி மிதிக்க வேண்டும். பைக் பழக்கத்தில் காலைத் தரையில் ஊன்றினால் பின் டயர் அதன்மேல் ஏறிவிடும். இங்கேதான் கால் முறிகிறது. கணுக்கால் மூடும் பூட்ஸும் ஹெல்மெட்டும் இல்லாமல் ஏறவே கூடாது.

டயர் காற்று சுமார் 2.2 பிஎஸ்ஐ. பெட்ரோல் பங்க்கில் உள்ள காற்றழுத்தக் கேஜ் இதைச் சரியாகக் காட்டாது, லோ பிரஷர் கேஜ் தனியாக வாங்குங்கள். பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லை. காற்று கூடினால் வண்டி குதிக்கும்.

பழைய வண்டிதான் கிடைக்கும் என்பதால், பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஆக்சில் பேரிங் போயிருக்கும். ஃபிரேம் வெல்டிங்கில் விரிசல் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். கடல் மணலில் ஓட்டிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவிச் செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். சாலையில் ஓட்டும் வண்டி இல்லை இது. சொந்த நிலமோ உரியவர் அனுமதியோ வேண்டும்.