ஸ்கையா, சானல் 4-ஆ? சந்தாவை நிறுத்திய கதை

பிரிட்டனில் பார்முலா 1 கார் பந்தயம் பார்க்க இரண்டு வழிதான். ஸ்கை ஸ்போர்ட்ஸுக்குச் சந்தா கட்டி எல்லாப் பந்தயத்தையும் நேரலையில் பார்க்கலாம். இல்லையென்றால் இலவச டிவியான சானல் 4 பிறகு போடும் ஹைலைட்ஸ். 2022, 2023 இரண்டு சீசனும் ஸ்கை வைத்திருந்தேன். அப்புறம் நிறுத்திவிட்டேன்.

பார்ப்பதற்கு ஸ்கைதான் மேல், சந்தேகமே இல்லை. பயிற்சி, தகுதிச் சுற்று எல்லாமே நேரலை. பந்தயத்தின் நடுவே விளம்பரம் வராது. முன்னாள் பார்முலா 1 ஓட்டுநரும் வர்ணனையாளருமான நம்ம சென்னைக்காரர் கருண் சந்தோக்கும் 2019-இல் சானல் 4-இலிருந்து அங்கேதான் போனார். ஹைலைட்ஸ் பார்ப்பவர்கள் சாயங்காலம் வரை போனைக் குப்புறக் கவிழ்த்து வைக்க வேண்டும். குடும்ப வாட்ஸப் குரூப்பில் மச்சான் ஒருத்தர் முடிவைப் போட்டுவிட்டால் அன்றைய பொழுது போச்சு.

பிறகு ஏன் நிறுத்தினேன்? புது ரசிகன் எங்கிருந்து வருவான் என்ற ஒரே கேள்விதான்.

நான் வந்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இல் ஐந்து மாணவர்கள் இருந்த வாடகை வீடு. ஞாயிறு மதியம் சோறு வடித்துக்கொண்டே யாரோ பிபிசி போட்டார்கள். அப்போது பந்தயம் அங்கே சந்தா இல்லாமலே நேரலையில் வந்தது. ராஸ் பிரான் ஒரு பவுண்டுக்கு வாங்கிய அணியில் ஜென்சன் பட்டன் முதல் ஏழு பந்தயத்தில் ஆறை வென்றுகொண்டிருந்த சீசன் அது. சோறு குழைந்தது, நான் ரசிகனானேன். சந்தா கட்டினால்தான் பார்க்கலாம் என்றிருந்தால் அந்த வீட்டில் யார் கட்டியிருப்பார்கள்?

2012-இலேயே பாதிப் பந்தயங்களின் நேரலை ஸ்கைக்கு மட்டும் என்றானது. 2019 முதல் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ தவிர எல்லாமே அங்கேதான். 2021 அபுதாபியில், சாம்பியன் யார் என்று முடிவாகும் கடைசிப் பந்தயத்தில் ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் சமப் புள்ளியோடு இறங்கியபோது மட்டும் சானல் 4-க்கும் நேரலை கொடுத்தார்கள். உச்சத்தில் அங்கே மட்டும் 40 லட்சத்துக்கு மேல் பார்த்தார்கள். மறுநாள் ஆபீஸ் கேன்டீனில் வேறு பேச்சே இல்லை. அந்தச் சூட்டில்தான் நானே ஸ்கைக்குப் பணம் கட்டினேன். இலவச டிவி விதைத்ததைத்தான் சந்தா டிவி அறுவடை செய்கிறது என்பதற்கு நானே சாட்சி. அதற்குப் பிந்தைய இரண்டு வருடமும் அதே கேன்டீனில் திங்கட்கிழமை பந்தயம் பேச இருந்தது நானும் இன்னொருவரும்தான்.

ஜெர்மனியில் சுமார் 30 வருடம் இலவசமாகக் காட்டிய ஆர்டிஎல் சானலிடமிருந்து 2021-இல் பெரும்பாலான பந்தயங்கள் சந்தாவுக்குப் போயின. பார்ப்பவர் எண்ணிக்கை விழுந்தது. ஆனால் அந்த நாட்டு சாம்பியன் ஷூமேக்கர் காலத்து மவுசு அதற்கு முன்பே இறங்கத் தொடங்கியிருந்தது. பழியை முழுசாகச் சந்தா தலையில் கட்ட முடியாது. 2024-இல் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ நடக்கும் சில்வர்ஸ்டோனுக்கு நான்கு நாளில் 4,80,000 பேர் வந்தார்கள் என்பதும் என் வாதத்துக்கு இடிக்கிறது. பார்முலா 1 பற்றிய நெட்ஃபிளிக்ஸ் தொடர் இழுத்த கூட்டம் அதில் நிறைய இருக்கலாம். அதுவும் சந்தாதான், சரி.

அந்த சில்வர்ஸ்டோன் பந்தயத்தைச் சானல் 4 நேரலையில் போட்டேன். மகனோடு விளையாட வந்த மூன்று பையன்களும் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்கள். ஹாமில்டன் 2021-க்குப் பிறகு முதல் முறையாக ஜெயித்து ரேடியோவில் அழுதார். அடுத்தது எப்போது என்று ஒருவன் கேட்டான். "இரண்டு வாரம் கழித்து, சாயங்காலம். ஆனால் அதுவரை போனைப் பார்க்கக் கூடாது" என்றேன். முகம் சுருங்கிவிட்டது.